நாலு விரல் எட்டாத புடவை

சகியம்மாளுக்குப் புடவை எட்டவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை, தென்முனைக் காற்றுச் சேமிப்பு நிறுவனத்தின் பெரிய கூடத்தில், அத்தனை பேர் முன்னிலையில் இது நடந்தது. ஒன்பது கஜப் பட்டுப்புடவையை இரண்டு தொழிலாளர்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு உருளையைச் சுற்றி வந்து முன்பக்கம் சந்தித்தார்கள். சந்திக்க வேண்டிய இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் இரும்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தார்கள். சற்றுக் கீழே இறக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அபசகுனம் என்ற சொல் கூடம் முழுவதும் பரவ அதிக நேரம் ஆகவில்லை.

இது நீங்கள் படிக்கும் காலத்திலிருந்து நாற்பது ஐம்பது வருடம் தள்ளி நடக்கிற கதை. அதற்குள் எல்லாம் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். மாறித்தான் இருந்தது. கார்கள் தாமாகவே ஓடின. ஆனால் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒரு காரும் இந்தத் தருவைமுனை ஊரில் வாசலைத் தாண்டியதில்லை.

சகியம்மாள் என்பது ஓர் உருளை. நாலு மாடி உயரம், ஒரு முழம் கனத்துக்குச் சுவர். ஆடி மாதத்தில் காற்றாலைகள் தேவைக்கு மேல் மின்சாரத்தைக் கொட்டும். அதைக் கொண்டு காற்றைப் பிடித்து, இந்த உருளையில் அடைத்து, நெருக்கி, மார்கழியில் அவிழ்த்துவிட்டு மறுபடி மின்சாரமாக்கி விற்பதுதான் நிறுவனத்தின் தொழில். வெறும் காற்றை அடைத்து விற்கும் தொழில் நம் நாட்டில் மேடைகளில் ரொம்ப நாளாக நடப்பதுதான். இரும்பில் அடைத்து விற்றது இவர்கள்தான் முதல்.

உருளையைச் செய்த உலோகத்துக்கு விளம்பரக்காரர்கள் வைத்த பெயர் சகி. நெருக்க நெருக்க உறுதிப்படும் இரும்பு என்று சொன்னார்கள். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை முடிந்த கையோடு, வழக்கமான அளவுக்கு மேலே அழுத்தத்தை ஏற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, இறக்குவார்கள். அப்படிச் செய்தால் உருளைக்குப் பலம் கூடும் என்பது விஞ்ஞானம். அதற்கு முன் புடவை கட்டிப் பொட்டு வைத்தால் இன்னும் கூடும் என்பது தொழிலாளர்கள் சேர்த்துக்கொண்டது. அம்மாள் என்பதையும் அவர்கள்தான் சேர்த்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அழுத்தத்தை ஏற்றி இறக்கியதும், கடைகளில் புதுக்கணக்கு போடுவது மாதிரி, உருளையின் உடம்பில் ஒட்டியிருக்கும் மானிகள் அத்தனையையும் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவுவார்கள். உருளை எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பதற்கான மானிகள் அவை. இந்தப் பூஜ்யமாக்கும் பொறுப்பு மானிப் பிரிவுப் பொறியாளர் ஜெசிந்தா மச்சாதுவுக்கு. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் பன்னிரண்டு வருடமாகச் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிறாள். அலுவலகத்தில் எல்லாரும் செய்வதை நாமும் செய்துவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அன்று பூஜ்யமாக்க வேண்டிய வேலை வரவில்லை. புடவை எட்டாத உருளையில் அழுத்தத்தை ஏற்றக்கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். சாந்தி செய்து, தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து ஏற்றலாம் என்று தலைமைப் பொறியாளர் தணிகாசலம் அறிவித்தார். பிறகு, இதற்கு யார் காரணம் என்று பார்க்க வேண்டும் என்றார். காரணம் என்று யாரையாவது காட்டாமல் நம் ஊரில் ஒரு கூட்டமும் கலைவதில்லை.

புடவை எடுத்துக் கொடுத்தவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள். அவரைக் கூடத்துக்கே கூட்டி வந்தார்கள்.

"அண்ணாச்சி, போன வருஷம் எத்தனை கஜம் குடுத்தீங்க?" என்றார் தணிகாசலம்.

"ஒம்பது சார்."

"இந்த வருஷம்?"

"ஒம்பதுதாம். இந்த உருளைய நட்டுன நாள்ல இருந்து நாந்தான் எடுத்துக் குடுக்கேன். எங்கடைக் கஜக்கோல் இரும்பு சார். அது சுருங்காதுல்லா."

"இரும்பு சுருங்காது அண்ணாச்சி. துணிய நீங்க சுருக்கிட்டீங்க."

ஐயம்பெருமாள் சுற்றிலும் பார்த்தார். அவர் கடையில் துணி எடுக்காத ஒரு முகம்கூட அங்கே இல்லை. அத்தனை முகங்களும் தங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் எங்கெங்கே எட்டாமல் போயின என்று யோசிக்கத் தொடங்கியிருந்தன.

சாயங்காலத்துக்குள் பொது நிறுவனத்தை ஏமாற்றியதாக வழக்குப் பதிவானது. புடவையைச் சாட்சிப் பொருளாக மடித்து எடுத்துப்போனார்கள். அதை அளந்து பார்க்கலாமே என்று ஜெசிந்தா கேட்டாள். வழக்கில் உள்ள துணியை விரிக்கக்கூடாது என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கூடத்திலிருந்து வெளியே வரும் நடைவழியில் வருடாவருடம் எடுத்த ஆயுத பூஜைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாப் படத்திலும் ஓர் அமைச்சர், ஒரு மாலை, சகியம்மாள். ஜெசிந்தா தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அன்று நின்றாள். முதல் வருடத்துப் படத்தில் புடவை ஒரு சாண் மிஞ்சி, மிஞ்சியதை மடித்து அழகாகச் செருகியிருந்தார்கள். சில வருடம் கழித்து மடிப்பு போய் முடிச்சு வந்தது. அப்புறம் முடிச்சு போய் ஊக்கு வந்தது. போன வருடத்துப் படத்தில் ஊக்கு இழுபட்டு வளைந்து நின்றது. அமைச்சர்கள் மாறியிருந்தார்கள். ஒன்பது கஜம் மாறவில்லை.

ஒன்று, துணி வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உருளை தடித்திருக்க வேண்டும். முதலாவதுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டாள். அவள் குடியிருக்கும் வீடு கூடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி அதேபோல முந்நூறு வீடுகள்.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து டேப் வைத்து அளந்தாள். வரைபடத்தில் இருந்த சுற்றளவைவிட ஒரு சாணும் நாலு விரலும் கூடுதல். மானிகளைப் பார்த்தாள். எல்லாம் ஏறக்குறைய பூஜ்யம். பார்த்தபடியே நின்றவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. போன வருடம் வீங்கியதை இந்த வருடம் மறந்துவிடும்படி, தன் கையாலேயே சந்தனம் தடவி மறக்கடித்துவிடும்படி, இந்த நிறுவனம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. கூடத்தில் பூஜ்யமாக்க முடியாத ஒரே கருவி அந்தப் புடவைதான். அதுதான் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது.

கிளைச்சிறையில் ஐயம்பெருமாளைப் போய்ப் பார்த்தாள். அவர் இரண்டு வாரத்தில் பாதியாகியிருந்தார்.

"நீங்க வெட்டலன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரிஞ்சு என்னம்மா. எம்மவன் நேத்து வந்தான். மனு போடணும்னான். பொறவு மெதுவா கேக்கான், 'யப்பா, வெட்டுனீங்களா?'ன்னு." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாம் பெத்த பய கேக்கான்மா."

ஜெசிந்தா அங்கிருந்து கிளம்பினாள். நேராகத் தணிகாசலத்தின் அறைக்குப் போனாள்.

தணிகாசலம் லேசுப்பட்டவர் இல்லை. தடித்த சுவர் உருளைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் அவள் கல்லூரியில் படித்தாள். அவருக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். அது அவள் செய்த தவறு.

"சார், சகியம்மா தடிச்சிருக்கா."

"உக்காரும்மா. காப்பி சாப்பிடறியா?"

"உங்க புத்தகத்துலயே இருக்கு சார். உள்ள இருந்து நெருக்குனா சுவரோட உள்பக்கம் மொதல்ல இளகும். வெளிப்பக்கம் கெட்டியா நிக்கும். நெருக்குறத விட்டதும் வெளிப்பக்கம் உள்பக்கத்தப் போட்டு இறுக்கும். அந்த இறுக்கந்தான் பலம்."

"நல்லா ஞாபகம் வெச்சிருக்கே."

"அது ஒரு தடவைக்கு சார். நாம வருசா வருசம் கூட்டிக் கூட்டில்லா நெருக்குறோம். இளகுனது உள்பக்கத்தோட நிக்கல. வெளிச்சுவர் வரைக்கும் வந்துட்டு. அதான் புடவ எட்டல."

"இளகினா கெட்டிப்படும். அதுக்குத்தானே சகி இரும்பு."

"கெட்டிப்படும். ஆனா உருளை வீங்க வீங்கச் சுவர் மெலியுதே. கெட்டிப்படுறத மெலியுறது முந்திட்டுன்னா?"

தணிகாசலம் காப்பியை ஊதினார்.

"பலூன் ஊதியிருக்கீங்களா சார்? மொத ஊதுக்குக் கன்னம் வலிக்கும். ஒரு கட்டத்துல சட்டுன்னு லேசாயிரும். நாம கெட்டிக்காரத்தனமா ஊதுறோம்னு நெனைப்போம். பலூன் விட்டுக் குடுத்துட்டு, அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான் ஆவும். பம்பு ஓடிக்கிட்டே இருக்கும், முள்ளு ஏறாது. இறங்கும். அந்த நேரம் அலாரம்கூட அடிக்காது. ஏறுறதுக்கு மட்டுந்தான அலாரம் வெச்சிருக்கோம்."

"இறங்கறதுக்கு யாரும்மா அலாரம் வெப்பாங்க? எது இறங்கினாலும் மேல இருக்கறவங்களுக்குச் சந்தோஷம்தான்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். அதுதான் எனக்குத் தெரியும்." அவர் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "காத்தை இறக்கிட்டா மாநிலத்துல பாதி இருட்டு. ஏன் இறக்கினேன்னு ஆயிரம் பேர் கேப்பான். இறக்கலைன்னா யாரும் கேக்க மாட்டான். அதுவும், டேப் வெச்சு அளந்தேங்கறே. டேப் நம்ம நிறுவனத்துல அங்கீகரிக்கப்பட்ட கருவியே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கருவி என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"அப்புறம் என்ன."

"உள்ள ஒரு மனுசன் இருக்காரு சார்."

"துணிக்கடைக்காரர் ரெண்டு மாசம் உள்ள இருந்தா ஊர் ஒண்ணும் நின்னுடாது," என்றார் தணிகாசலம். காப்பி ஆறிவிட்டது என்று ஆபீஸ் பையனிடம் வேறு காப்பி கேட்டனுப்பினார்.

வந்த கோபத்தில் ஜெசிந்தா செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். மேலதிகாரியைத் தாண்டி, சுற்றுலா மாளிகையில் தங்கியிருந்த எரிசக்தி அமைச்சரிடம் நேராகப் போனாள். அமைச்சர் அவளை ஒரு இடத்தில்கூட இடைமறிக்காமல் முழுக்கக் கேட்டார். அமைச்சர்கள் முழுக்கக் கேட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஆக, துணி சரியா இருக்கு. அது வயிறுதான் பெருத்திருக்கு. அப்படித்தானே?"

"ஆமா சார். காத்த உடனே இறக்கணும்."

"ஏம்மா, நம்ம ஊர்ல ஒரு பொம்பளைக்கு வயிறு பெருத்தா என்ன செய்வோம்?"

"டாக்டர்ட்ட காட்டுவோம்."

"வளைகாப்பு செய்வோம்," என்றார் அமைச்சர். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா, இத்தனை நாளா ஒருத்தனுக்கும் தோணலை. மாநிலமே கொண்டாடுற மாதிரி செஞ்சிடலாம். அந்தத் துணிக்கடைக்காரரை விடச் சொல்றேன். பாவம், தாய்மை அடைஞ்ச நேரத்துல ஒருத்தரை உள்ள வெக்கக் கூடாது."

"வளைகாப்பு செய்யுங்க சார். அழுத்தத்த மட்டும் ஏத்தாதீங்க."

"ஏத்தாம எப்படி? அப்ப நான் அமுக்குற பட்டன் எதுக்கு?"

ஐயம்பெருமாள் வெளியே வந்தார். வழக்கைத் திரும்பப் பெற ஒரே ஒரு நிபந்தனை. சகியம்மாளின் வளைகாப்புக்கு நீளமான புடவை ஒன்றை அவர் அன்பளிப்பாகத் தரவேண்டும். கூடவே இரண்டு கஜம் சேர்த்துத் தந்தார். ஊரில் அதற்கும் ஒரு பேச்சு எழுந்தது. வெட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார்கள்.

தை மாதம் வந்தது. குடியிருப்பே மணத்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் கிளறிக்கொண்டிருந்தாள். குடியிருப்பில் எந்த விசேஷமானாலும் பெரிய அண்டா ரோஸ்லின் அக்காவுடையதுதான். தன் வீட்டு ஆட்களை மட்டும் ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று ஜெசிந்தா யோசித்தாள். அனுப்பிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று "உப்பு பாரு ஜெசி" என்று கரண்டியை நீட்டும் இந்த அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று தோன்றியது. அனுப்பவில்லை.

விழா நாள் காலையில் கூடத்து வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாக் கார்களும் மரியாதையாகக் கூடத்தைப் பார்த்து நின்றன. ஒரே ஒரு கார் மட்டும் வெளிக்கதவைப் பார்த்து நின்றது. அது தணிகாசலத்தின் கார். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அவர் எழுதிய புத்தகத்தில் இல்லாத அத்தியாயம் அந்தக் காரில் இருந்தது.

உள்ளே வால்வுக் கைப்பிடிகள் எல்லாவற்றிலும் கண்ணாடி வளையல்கள் தொங்கின. கன்னத்தில் சந்தனம் பூச வேண்டும் என்றால் உருளைக்குக் கன்னம் எது என்று ஒரு சிறிய வாக்குவாதம் நடந்து, ஏணி எட்டும் உயரத்தில் பூசினார்கள். ஐயம்பெருமாளின் புதுப் புடவையை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார்கள். அமைச்சர் பேசினார். தாய்மையைப் பற்றி அவர் பேசியதில் எங்கேயும் காற்று வரவில்லை, அல்லது முழுக்கக் காற்றாகவே இருந்தது. பிறகு பட்டனை அமுக்கினார்.

பம்ப் அறையில் சவரிமுத்து இயந்திரத்தை ஓடவிட்டான். காதில் கவசம் மாட்டியிருந்ததால் அவனுக்குக் கூடத்துச் சத்தம் எதுவும் கேட்காது. தலைமைப் பொறியாளர் சைகை காட்டினால்தான் நிறுத்துவான். சுவரில் பெரிதாக மாட்டியிருந்த அழுத்தமானியின் முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வழக்கமான அளவைத் தாண்டியது. தொட வேண்டிய கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே யோசிப்பது போல நின்றுவிட்டு இறங்கத் தொடங்கியது.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்குது," என்று யாரோ சொன்னார்கள். கூடம் கைதட்டியது. அமைச்சர் இரண்டு கைகளையும் கூப்பினார். "தாய் மனசு இரங்கிட்டா," என்றார். மறுபடியும் கைதட்டல்.

ஜெசிந்தா முள்ளைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்தாள். முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. ஜரிகை நூல் ஒன்று தெறித்தது. அப்புறம் இன்னொன்று. தணிகாசலத்தைத் தேடினாள். முதல் வரிசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மேடைக்கு ஓடி ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். நன்றியுரை சொல்ல வந்திருக்கிறாள் என்று தொகுப்பாளர் அறிவித்தார்.

"எல்லாரும் கேளுங்க. முள் இறங்குறது நல்லதுக்கில்ல. உருளையோட சுவர் முழுக்க இளகிட்டு. அது கெட்டிப்படுறத விட வேகமா மெலியுது. இதுக்கு நெகிழ்வு நிலைகுலைவுன்னு பேர்."

கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். முன்வரிசையில் ஒரு அம்மாள், பிள்ளை நல்லாப் பேசுது என்றாள்.

பட்டு கிழியும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. படித்த படிப்பு முழுவதையும் அந்த இரண்டு மூன்று வாக்கியத்தில் கொட்டித் தீர்த்தாயிற்று. இனி ஒன்றும் மிச்சமில்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் சொன்னாள்.

"அம்மாவுக்கு வலி வந்துட்டு. ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க."

அமைச்சர் தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிரசவம் நடக்கும் இடத்தில் நிற்பது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்பது அவருக்கு ஒரு கணத்தில் நினைவு வந்துவிட்டது. முதல் ஆளாக இறங்கி நடந்தார். அவருக்குப் பின்னால் பாதுகாவலர்கள், அதிகாரிகள், நாதஸ்வரக்காரர், குருக்கள். யாரும் ஓடவில்லை. கூச்சத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் நல்ல வேகமாகப் போனார்கள்.

பெண்கள் போகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ரோஸ்லின் அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.

"என்ன செய்யணும் சொல்லு ஜெசி. நாங்க இருக்கோம்."

ஜெசிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு சொன்னாள். "வெந்நி வேணும்க்கா. நெறைய வேணும். இங்க அடுப்பு பத்தாது. ஊருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து மைதானத்துல போயி அண்டாவ ஏத்துங்க. குடியிருப்புல ஒருத்தர் பாக்கி இல்லாம கூட்டிட்டுப் போங்க. பிள்ளைங்க, வயசானவங்க எல்லாரையும். வீட்டுல ஆள் இருந்தா பிரசவம் சிக்கலாயிரும்."

அப்படி ஒரு நம்பிக்கை எங்கேயும் கிடையாது. அவள் அப்போது உண்டாக்கியது. ஆனால் ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ரோஸ்லின் அக்கா கையைத் தட்டி, "வாங்கட்டி" என்று ஒரு குரல் கொடுத்ததும் கூடம் காலியானது. பின்னால் முந்நூறு வீடுகளும் காலியாயின. விஞ்ஞானத்துக்குக் கொட்டாவி விட்ட ஊர், வெந்நீருக்கு ஓடியது.

ஜெசிந்தா பம்ப் அறைக்கு ஓடினாள். சவரிமுத்து சைகைக்காகக் கண்ணாடி வழியே தலைமைப் பொறியாளரின் காலி நாற்காலியைப் பார்த்தபடி இருந்தான். இனி பம்பை நிறுத்தினாலும் பயனில்லை என்று தெரிந்து, அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார் சொல்லலியே," என்றான். இழுத்த இழுப்பில் காதுக் கவசம் கழன்று விழுந்தது. அதை எடுக்க அவன் குனிந்தான். விடாமல் இழுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டார்கள்.

சகியம்மாள் வெடித்தாள். கூடத்தின் கூரை கடலில் போய் விழுந்தது. சுற்றுச்சுவரை ஒட்டிய முதல் இரண்டு வரிசை வீடுகள் தரையோடு தரையாயின. ஜெசிந்தாவின் வீடும் ரோஸ்லின் அக்காவின் வீடும் அதில் அடக்கம். உயிர்ச்சேதம் இல்லை. சவரிமுத்துவுக்கு இரண்டு காதும் போயின. அந்த வருடம் அவனுக்கு வீரச்செயல் விருது கொடுத்தார்கள். விருது விழாவில் அமைச்சர் நெடுநேரம் பேசினார். கூட்டத்தில் அதைக் கேட்காமல் தப்பித்த ஒரே ஆள் அவன்தான். வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி தனியாக அழுதாள். அந்தச் சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. தடித்த சுவர் உருளைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் நாட்டிலேயே ஒருவர்தான் என்பதால் தணிகாசலத்தையே தலைவராகப் போட்டு, ஓய்வு பெறும் வயதையும் நீட்டித்தார்கள். அவர் ஆறு மாதம் ஆராய்ந்தார். நடந்தது வெடிப்பு அல்ல, திட்டமிடப்படாத அழுத்தக் குறைப்பு என்றார். விஞ்ஞான நிறுவனத்தில் புடவை கட்டுவதும் வளைகாப்பு நடத்துவதும் வெட்கக்கேடான மூடநம்பிக்கைகள் என்று கடுமையாகக் கண்டித்து, இரண்டையும் தடை செய்தார். ஒலிபெருக்கியில் மூடநம்பிக்கையைப் பரப்பியதற்காக ஜெசிந்தாவுக்கு எச்சரிக்கை. அங்கீகரிக்கப்படாத எந்த அளவுகோலும், டேப் உட்பட, இனிமேல் கூடத்துக்குள் வரக்கூடாது. பகுத்தறிவாளர்கள் பாராட்டினார்கள். இவ்வளவு நாளும் இந்த மனிதரை அடையாளம் காணாமல் இருந்துவிட்டோமே என்று ஒரு பத்திரிகை வருந்தியது.

மானிகளைப் பூஜ்யமாக்குவதைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. சந்தனத்தை மட்டும் நிறுத்தினார்கள். இப்போது அதற்கு அளவுத் திருத்த நாள் என்று பெயர். ஆயுத பூஜை அன்றுதான் வருகிறது.

புதுக் கூடம் எழும்பி, அதே அளவில் இரண்டாவது சகி வந்து நின்றதும், ஜெசிந்தா கடைத்தெருவுக்குப் போனாள். ஐயம்பெருமாள் கடையில் பழைய கூட்டம் இல்லை. அவர் எந்தத் துணியையும் வாங்குகிறவர் கண்ணெதிரே இரண்டு முறை அளந்து காட்டிவிட்டு, கேட்காமலே கால் கஜம் சேர்த்து வெட்டினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மகன் தலையைத் தூக்கவில்லை.

"ஒம்பது கஜம் பட்டு வேணும் அண்ணாச்சி."

"ஒனக்கா? நீ ஒம்பது கஜம் கட்ட மாட்டியேம்மா."

"எனக்குத்தான். ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

ஐயம்பெருமாள் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பரணிலிருந்து பழைய இரும்புக் கஜக்கோலை எடுத்து வந்தார். அன்று அந்தக் கடையில் ஒரு துணி ஒரே முறை அளந்து வெட்டப்பட்டது.

வாசலில் காவலாளி அவள் பையைத் திறந்து பார்த்தார். மாற்றுப் புடவை என்றாள். பெண்களின் மாற்றுப் புடவையை எடுத்து உதறிப் பார்க்கும் அளவுக்கு நம் பாதுகாப்பு இன்னும் முன்னேறவில்லை. முதல் வருடம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, உருளையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் மிஞ்சியது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் மறுபடி ஆயுத பூஜை வந்தது. தணிகாசலம் இப்போது நிறுவனத்தின் ஆலோசகர். அழுத்தத்தை ஏற்றி இறக்கிவிட்டு, எல்லா மானிகளும் பூஜ்யம் காட்டுகின்றன என்று மேடையில் அறிவித்தார். எல்லாரும் சாப்பிடப் போனபின் ஜெசிந்தா புடவையைச் சுற்றினாள். இந்த முறை மூன்று விரல்தான் மிஞ்சியது.

வெளியே வந்து, புதுக் குடியிருப்பில் மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோஸ்லின் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தப் பெரிய அண்டா பத்திரமா இருக்குல்லா?"

ரோஸ்லின் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் பக்கம் பார்த்தாள்.

"மறுபடியுமா?"

"ஆமாக்கா. இவளுக்கு முன்னவள விட வேகமா வளருது."

"இருக்கு," என்றாள் ரோஸ்லின் அக்கா. "இப்பவே போயி மைதானத்துல வெச்சிட்டு வந்துருதேன்."